இசைப் பட்டம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாத விடுமுறையில் கோத்தகிரிக்கு வரும் இசைக்கல்லூரி மாணவர்கள் சிலர் என் வீட்டுக்கு வந்து வயலின் வாசித்துக் காட்டுவார்கள். இந்த ஆண்டு வந்த மூவரும், இருபது வயதில் நான் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள். சாதகப் பயிற்சி செய்யாதது, வகுப்புக்கு மட்டம் போடுவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவை அவர்களுக்கே தெரியும்.

தனியாக மட்டுமே வாசிப்பது

தேர்வறையில் தனியாக உட்கார்ந்து, பாடத்திட்டத்தில் உள்ள வர்ணத்தையும் கிருதியையும் பிசகில்லாமல் வாசித்தால் மதிப்பெண் வந்துவிடும். வெளியே வந்தபின் வயலின்காரருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் பாடுபவருக்குத் துணையாக வாசிக்கும் பக்கவாத்தியம். பாடுபவரின் சுருதிதான் நம் சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. விரல் வைக்கும் முறை மாறுவதில்லை. ஆனால் கம்பியின் இறுக்கம் மாறியதும் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குத் தரும் அழுத்தமும் வில்லின் பாரமும் மாறிவிடும்.

மூன்று ஆண்டுகளும் நான் இரண்டு கட்டையை விட்டு நகரவில்லை. பட்டம் வாங்கிய வருடம் மார்கழியில் குன்னூர்ப் பக்கம் ஒரு கோயிலில் கச்சேரி. பாட வந்த அம்மையாருக்கு ஐந்தரைக் கட்டை. மூடுபனியில், கம்பியை முறுக்கும் பிரடை ஊதிப்போய்த் திரும்ப மறுத்தது. முரட்டுத்தனமாகத் திருகினேன், கம்பி அறுந்தது. பொறுத்துப் பார்த்தவர் வர்ணத்தைத் தொடங்கிவிட்டார். நான் சேர்ந்துகொண்டபோது அதன் பிற்பகுதியான சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்யாணி ராகத்தை அவர் ஐந்து நிமிடம் ஆலாபனை செய்தார். என் முறை வந்ததும் நான் எட்டு நிமிடம் வாசித்தேன்! வகுப்பில் நீட்டி வாசித்தால் பாராட்டுத்தான் கிடைக்கும். கற்பனை ஸ்வரத்திலும் அவர் விட்ட இடத்தில் பிடிக்கத் தெரியாமல் என் பாட்டுக்குப் போனேன். மிருதங்கக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தம்பி நன்றாக வாசிக்கிறார், தனிக்கச்சேரி செய்யட்டும்" என்றார் அம்மையார், சிரித்துக்கொண்டே. அடுத்த ஆறு ஆண்டுகள் அந்த வட்டாரத்திலிருந்து ஓர் அழைப்பும் இல்லை.

வந்த மூவரிடமும், "யாருக்காவது பக்கவாத்தியம் வாசித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "முதலில் டிகிரி முடியட்டும் சார்" என்றார்கள். வாய்ப்பாட்டு வகுப்பு அடுத்த அறையில்தானே நடக்கிறது! அங்கே பாடும் ஒரு மாணவிக்கு வாரம் இரண்டு மணி நேரம் வாசிக்க என்ன செலவு? இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அரசு வேலைக்காகக் காத்திருப்பது

2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்த சிறப்பாசிரியர் இடங்கள் 1,325. அவற்றில் இசைக்கு 86.

ஐந்து கோட்டைக் கண்டு ஓடுவது

ஊட்டி, குன்னூர் உறைவிடப் பள்ளிகளில் வேலை கேட்டுப் போனால், மேற்கத்திய முறையில் ஐந்து கோடுகளின் மேல் ஸ்வரங்களைக் குறித்த பாடற்குழுவின் பாட்டுத்தாளை முன்னால் வைத்துப் பியானோவைக் காட்டுவார்கள். ஸரிகம மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அங்கே வாயில்லாப் பூச்சி. மேற்கத்திய இசைக்கான டிரினிட்டி தேர்வில் எட்டு கிரேடுகள் உண்டு. முதல் இரண்டு மூன்றையாவது படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

வானொலித் தேர்வைத் தள்ளிப்போடுவது

பி, பி ஹை, ஏ, டாப் என்று அகில இந்திய வானொலி தரும் தரத்தைக் கச்சேரி ஏற்பாட்டாளர்கள் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பிரடையைக் கவனிக்காமல் மலை ஏறுவது

இறுகினால் உலர்ந்த சோப்பு தடவுங்கள். வழுக்கினால் சாக்கட்டி.