காவலர் தேர்வு: ரிசல்ட் வந்த பிறகு ஓடத் தொடங்காதீர்கள்

லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் காலை ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்துக்குப் போய்விடுவேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கே இருப்பார்கள். நானும் அதே மண்ணில் ஓடிப் பழகியவன்தான். முதல் முயற்சியில் தோற்று, அடுத்ததில் தேறி, இப்போது ஆயுதப்படையில் இருக்கிறேன். அன்று நான் செய்த தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹால் டிக்கெட், பேனா, நேரத்துக்குப் போவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உயரத்தை அளக்காமலே படிக்க உட்காருவது

ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்சி, எஸ்டி பிரிவில் 157. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் தன் உயரத்தைச் சுவரில் சாய்ந்து நின்று ஒழுங்காக அளந்தவர்கள் குறைவு. எங்கள் மைதானத்தில் ஒரு தம்பி இரண்டு வருஷம் படித்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். அளவெடுக்கும் இடத்தில் 168.5. பள்ளியில் யாரோ எப்போதோ சொன்ன கணக்கை நம்பியிருந்தான்.

அளப்பதானால் மாலையில் அளங்கள். தூங்கி எழுந்ததும் ஒரு செ.மீ. வரை கூடுதலாகக் காட்டும். நின்று நடந்து நாள் போகப் போக அது குறைந்துவிடும். மாலை அளவில் தேறினால் நிம்மதியாகப் படிக்கலாம். ஆண்கள் மார்பளவையும் பாருங்கள்: சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் 86. அந்த 5 செ.மீ. விரிவு வராமல் தடுமாறுகிறவர்கள் உண்டு. தினமும் மூச்சுப் பயிற்சியும் தண்டாலும் எடுத்தால் சில மாதங்களில் வந்துவிடும். உயரம் அப்படி வராது.

தமிழ்த் தகுதித் தேர்வு

80-க்கு 32 வராவிட்டால் முதன்மைத் தேர்வில் எவ்வளவு எழுதியிருந்தாலும் கணக்கில் வராது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இலக்கணத்துக்குக் கொடுங்கள்.

பொது அறிவையே திரும்பத் திரும்பப் படிப்பது

முதன்மைத் தேர்வில் 70 கேள்விகள். 45 பொது அறிவு, 25 உளவியல். உளவியல் என்ற பெயரைப் பார்த்து ஏதோ புரியாத பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் வருவது பெரும்பாலும் எண் தொடர், உறவுமுறைக் கணக்கு, திசை, சதவீதம், அட்டவணையைப் பார்த்துப் பதில் சொல்வது போன்றவைதான். பொது அறிவில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள சமச்சீர்ப் புத்தகங்களை எல்லோரும் கரைத்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். அங்கே ஒருவரை ஒருவர் முந்துவது கஷ்டம். கணக்குக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியவன்தான் கட்-ஆஃபைத் தாண்டி நிற்பான்.

ரிசல்ட் வந்த பிறகு ஓடலாம் என்று இருப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

“முதல்ல ரிட்டன்ல பாஸ் ஆகட்டும்ணே, அப்புறம் கிரவுண்டு பாத்துக்கலாம்.” போன மாதம் ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. நானும் என் அண்ணனிடம் வார்த்தை மாறாமல் இதையே சொன்னேன். சில பயிற்சி மையங்களிலும் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எழுத்துத் தேர்வில் தேறாதவனுக்கு மைதானம் எதற்கு என்று தோன்றும்.

நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 2022-இல் எழுத்துத் தேர்வு நடந்தது நவம்பர் 27-ஆம் தேதி. உடல்தகுதித் தேர்வு 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கிவிட்டது. தேர்வு எழுதிய மறுநாளே ஓடத் தொடங்கியிருந்தாலும் பத்து வாரம்தான். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அதிலும் பாதி போய்விட்டது.

அந்தச் சில வாரங்கள் போதாதா என்று கேட்பீர்கள். மூச்சுக்குப் போதும். மூன்று நான்கு வாரம் ஓடினாலே இளைப்பு குறைந்துவிடும். ஏமாறுவது அங்கேதான். மூச்சு பழகிய வேகத்தில் எலும்பும் தசைநாரும் பழகுவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தூரத்தையும் வேகத்தையும் கூட்டுவோம். கால் எலும்பு தாங்காது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரத்தில் ஒரு வலி தொடங்கும். முதலில் ஓடும்போது மட்டும் இருக்கும், பிறகு நடக்கும்போதும், கடைசியில் படுத்திருக்கும்போதும். அதையும் தாங்கிக்கொண்டு ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழவும் வாய்ப்பிருக்கிறது.

எனக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது. அப்போது காலை, மாலை இரண்டு வேளையும் தார் ரோட்டில், தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூவோடு ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா இரவில் தவிட்டு ஒத்தடம் கொடுப்பார். காலையில் வலி கொஞ்சம் குறைந்திருக்கும், உடனே மறுபடி ஓடுவேன். ஓய்வு எடுத்தால் நாள் போய்விடுமே என்ற பயம். தேர்வு நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் கால் என் சொல் கேட்கவில்லை. நான் கோட்டைத் தாண்டும் முன்பே விசில் ஊதிவிட்டார்கள்.

எங்கள் பேட்ச்சில் என் எழுத்துத் தேர்வு மதிப்பெண் நன்றாகவே இருந்தது. ஓட்டத்தில் நின்றுவிட்டால் அந்த மதிப்பெண்ணால் ஒரு பயனும் இல்லை. அடுத்த தேர்வுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. அடுத்த நோட்டிபிகேஷன் வரும் வரை காத்திருந்து, மறுபடி முதலில் இருந்து எழுத வேண்டும். அதற்குள் வயதும் ஏறிவிடும். பொதுப்பிரிவுக்கு 26 வயதுதான் வரம்பு. எனக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. என்னோடு விசில் சத்தத்தில் நின்றுபோன இன்னொருவருக்கு அதுவும் இல்லை. மைதானத்தின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இவ்வளவுக்கும் இதைத் தவிர்ப்பது சுலபம். விண்ணப்பம் போடுகிற அன்றே ஓடத் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும். முதல் இரண்டு மாதம் மெதுவாக, பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். மண் தரையில் ஓடுங்கள். மூன்றாவது மாதத்தில் இருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் சுற்றுகளை வேகமாக ஓடி, நடுவில் ஓய்வு எடுங்கள். படிப்புக்கு இடைஞ்சல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடிவிட்டு வந்து படித்த நாட்களில்தான் எனக்குப் பாடம் நன்றாக ஏறியது.

முன்பே சொன்ன வலி வந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள் ஓட்டுங்கள், கிணறோ குளமோ இருந்தால் நீந்துங்கள். மூச்சு கெடாது, எலும்புக்கும் ஓய்வு கிடைக்கும். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். முன்கூட்டியே ஓடத் தொடங்கியவனுக்குத்தான் இப்படி நிறுத்திவைக்க நேரம் இருக்கும். ஐந்து வாரம் மட்டும் கையில் வைத்திருப்பவனால் ஒரு நாளைக்கூட விட முடியாது. அவன் வலியோடே ஓடுவான், நான் ஓடிய மாதிரி.

பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில் முடித்தால் போதும் என்பதால் சில தங்கைகள் பயிற்சியே எடுப்பதில்லை. அதற்கு அடுத்து மதிப்பெண் தருகிற போட்டிகள் இருக்கின்றன. குண்டையோ கிரிக்கெட் பந்தையோ முதன்முதலாகத் தேர்வு நாளில் கையில் எடுக்கிற நிலைமை வேண்டாம்.

அளக்காத மைதானம்

எங்கள் பள்ளி மைதானத்தின் ஒரு சுற்று 300 மீட்டர் என்று எங்களுக்கு முந்தைய செட் சொன்னது. ஐந்து சுற்று ஓடினால் 1500 என்று நாங்களும் நம்பினோம். இரண்டாவது முயற்சியின்போது உடற்கல்வி ஆசிரியரிடம் டேப் வாங்கி அளந்தால் 270 தான் வந்தது. அதாவது நாங்கள் ஓடிக்கொண்டிருந்தது 1350 மீட்டர். 6 நிமிடம் 40 விநாடியில் முடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்ட நண்பனின் உண்மையான நேரம் கணக்குப் போட்டால் 7 நிமிடம் 24 விநாடி. டேப் கிடைக்காவிட்டால் நகரத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு மைதானத்துக்கு மாதம் ஒரு முறையாவது போய் 400 மீட்டர் தடத்தில் ஓடிப் பாருங்கள்.

முதல் சுற்றில் பறப்பது

7 நிமிடத்தை மூன்றே முக்கால் சுற்றால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. விசில் அடித்ததும் கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 80 விநாடியில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் அவர்களில் பலர் நடப்பார்கள். பயிற்சியில் சுற்றுக்கு 104 விநாடி என்று சீராக ஓடிப் பழகுங்கள், ஆறரை நிமிடத்தில் முடியும். மிச்சமிருக்கும் அரை நிமிடம் தேவைப்படும். அதிகாலையில் வரச் சொல்லி உங்கள் முறை வரும்போது வெயில் ஏறியிருக்கலாம், பதற்றத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள்.

இன்னொன்று. உள்தடத்தைப் பிடித்து ஓடுங்கள். இரண்டாவது தடத்திலேயே ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள். 1500 மீட்டர் முடியும்போது அது எட்டு விநாடி.

கயிறு

ஆண்களுக்கு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. ஸ்டாருக்கு ஏற்பத்தான் மதிப்பெண். புஜத்தை வளர்ப்பதிலேயே குறியாக இருப்பவர்கள் மூன்றாவது மீட்டரில் தொங்குவார்கள். கயிற்றைக் காலுக்குள் பூட்டி, காலால் உந்தி ஏறப் பழகியவன் ஒல்லியாக இருந்தாலும் மேலே போய்விடுவான். வேப்பமரக் கிளையில் கயிறு கட்டி இரண்டு மாதம் பழகுங்கள். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வராதீர்கள், உள்ளங்கை உரிந்துவிடும்.

புது ஷூ

தேர்வு நாளில் வேண்டவே வேண்டாம்.

தமிழ்வழிச் சான்றிதழைக் கடைசியில் தேடுவது

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பத்தாம் வகுப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பில் இருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். மூன்று பள்ளிகளில் படித்தவர் மூன்று தலைமையாசிரியர்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளியை மூடியிருப்பார்கள், பழைய பதிவேடு வேறொரு பள்ளியில் இருக்கும். அலைச்சலுக்கு நாள் ஒதுக்கி, நோட்டிபிகேஷன் வருவதற்கு முன்பே தொடங்குங்கள்.

வழக்கை மறைப்பது

கோயில் திருவிழாவில் தகராறு. இரண்டு தரப்பு மேலும் எஃப்ஐஆர். உங்கள் பெயரும் பத்தாவதாகவோ பதினோராவதாகவோ இருக்கிறது. பிறகு பெரியவர்கள் பேசி ராசி ஆகி, சாட்சி பிறழ்ந்து, விடுதலையும் ஆகிவிட்டது. விண்ணப்பத்தில் வழக்கு ஏதும் உண்டா என்ற இடத்தில் “இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாத் தேர்விலும் தேறியவர்கள்கூட காவல்துறை விசாரணையில் இதனால் வேலையை இழந்திருக்கிறார்கள்.

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துதான் மறைக்கிறார்கள். மறைத்தால் வழக்கோடு பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொள்ளும். சின்ன வழக்கை உள்ளபடி சொன்னவருக்கு நீதிமன்றத்தில் வாதாடவாவது இடமிருக்கும்.

பெயர் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே ஸ்டேஷனில் விசாரியுங்கள். இருந்தால் குற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவையுங்கள். படிவத்தில் எண்ணையும் தேதியையும் தீர்ப்பையும் உள்ளபடி எழுதுங்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.