ஜெல்லியைத் தட்டி அளப்போம்: கொடைக்கானல் சமையலறையில் ஒரு அதிர்வுச் சோதனை

ஒரு பொருள் கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா என்பதை விரலால் அமுக்கியே சொல்லிவிடலாம். ஆனால் அதில் பாதி விஷயம்தான் தெரியும். பிசைந்த மைதா மாவும் ரப்பர் பந்தும் விரலுக்கு ஒரே மாதிரி அமுங்கலாம். விரலை எடுத்ததும் பந்து பழைய உருவத்துக்கு வந்துவிடும், மாவு பள்ளத்தோடு கிடக்கும். திரும்பி வரும் குணத்துக்கு மீள்தன்மை என்று பெயர். கொடுத்த ஆற்றலை உள்ளேயே வெப்பமாக்கித் தொலைக்கும் குணம் பாகுத்தன்மை. ஜெல்லி, சீஸ், தசை, ஈரல் எல்லாவற்றிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

ஒரு தட்டு தட்டினால் இரண்டையும் அளந்துவிடலாம். எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதிலிருந்து மீள்தன்மை கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதிலிருந்து பாகுத்தன்மை. ஆய்வகங்களில் இதற்கு ரியோமீட்டர் வைத்திருப்பார்கள். நமக்குச் செல்போன் போதும். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவச செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். போனுக்குள் இருக்கும் முடுக்கமானியின் (அசைவின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் கருவி) அளவுகளை அது பதிவு செய்து தரும்.

மற்றபடி வேண்டியவை: ஜெலட்டின், சைனா கிராஸ், தரையில் போடும் டைல்ஸ் ஒன்று, போனைவிடச் சற்றே பெரிய பிளைவுட் பலகை, உப்புத்தாள், டபுள் டேப், சமையலறைத் தராசு, ஒரு வெப்பமானி.

ஜெல்லி காய்ச்சுவது

கால் லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ஜெலட்டின். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் மீதித் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் ஜெல்லி வலுவிழக்கும். தட்டையான டப்பாவில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மூடி வையுங்கள். கொடைக்கானல் குளிரில் ஃபிரிட்ஜ்கூடத் தேவையில்லை. ஆனால் உறைந்துவிட்டதே என்று உடனே அளக்க உட்காராதீர்கள். ஜெலட்டின் உறைந்த பிறகும் பல மணி நேரம் இறுகிக்கொண்டே இருக்கும். ஒரு ராத்திரி விட்டுவிடுவதுதான் சரி.

சைனா கிராஸ் கதை வேறு. கால் லிட்டருக்கு இரண்டரை கிராம் போட்டு நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இங்கே ஒரு மலைச் சிக்கல் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அருகிலேயே கொதித்துவிடுகிறது. சைனா கிராஸ் கரைய 85 டிகிரிக்கு மேல் நல்ல சூடு வேண்டும். மதுரையில் தாராளமாகக் கிடைக்கும் அந்த இடைவெளி இங்கே சில டிகிரிகள்தான். அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல், இழையோ துகளோ கண்ணில் படாத வரை சிறு தீயில் கொதிக்க விடுங்கள். பாதி கரைந்த கலவையில் வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

அமைப்பு

உறைந்ததும் ஈரக் கத்தியால் 3 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நான்கு வெட்டுங்கள். உயரத்தைவிட அகலம் இரண்டு மடங்காவது இருக்கட்டும்; இல்லாவிட்டால் துண்டு பக்கவாட்டில் நகர்வதற்குப் பதிலாக வளையும். டைல்ஸின் மேலும் பலகையின் அடியிலும் உப்புத்தாள் ஒட்டுங்கள். சைனா கிராஸ் ஜெல்லி தண்ணீர் விடும், வழுக்கும், எனவே துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே வைக்க வேண்டும். நான்கு மூலைகளில் நான்கு துண்டு, மேலே பலகை, அதன் நடுவில் டபுள் டேப்பால் போன். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

பழைய பங்களாக்களின் மரத்தரையில் இதை வைக்காதீர்கள். யாராவது நடந்தாலே பதிவில் தெரியும். சிமென்ட் தரை நல்லது.

தட்டுவது

செயலியில் புவியீர்ப்பு நீக்கிய முடுக்கம் என்ற சோதனையைத் திறந்து, பதிவைத் தொடங்கி, பலகையின் குறுகிய விளிம்பைப் பென்சிலால் போனின் நீளவாக்கில் லேசாகத் தட்டுங்கள். திரையில் பெரிய அலை ஒன்று எழுந்து, படிப்படியாகச் சிறுத்து அடங்கும். தரவை விரிதாளுக்கு ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கணக்கு

முதலில் அதிர்வெண். ஐந்து முழு அலைவுக்கு ஆன நேரத்தைப் பார்த்து, ஐந்தை அந்த நேரத்தால் வகுத்தால் ஹெர்ட்ஸில் கிடைக்கும். பிறகு விறைப்புக் குணகம், அதாவது மீள்தன்மையைச் சொல்லும் எண்:

39.5 × அதிர்வெண்ணின் வர்க்கம் × நிறை × துண்டின் உயரம் ÷ நான்கு துண்டுகளின் மொத்தப் பரப்பு

எல்லாம் கிலோகிராம், மீட்டர் கணக்கில். நிறை என்பது பலகையும் போனும் சேர்ந்தது, கூடவே ஜெல்லியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதிர்வெண் 9 ஹெர்ட்ஸ், நிறை 0.26 கிலோ, உயரம் 0.015 மீட்டர், பரப்பு 0.0036 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை சுமார் 3,460 பாஸ்கல், அதாவது மூன்றரை கிலோபாஸ்கல். ஈரலின் விறைப்பைப் பார்க்க மருத்துவமனைகளில் செய்யும் ஃபைப்ரோஸ்கேனும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வைச் செலுத்தி இதே வகை எண்ணைத்தான் தேடுகிறது. அங்கே தருவது யங் குணகம், அதாவது இழுப்புக்கும் அமுக்கத்துக்குமான விறைப்பு; நாம் அளப்பது பக்கவாட்டு நகர்வுக்கான விறைப்பு. நம் எண்ணோடு ஒப்பிட அதை மூன்றால் வகுக்க வேண்டும்.

அடுத்து பாகுத்தன்மை. முதல் முகட்டின் உயரத்தை, ஐந்து அலைவு தள்ளி வரும் முகட்டின் உயரத்தால் வகுத்து, இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) எடுத்து, ஐந்தால் வகுங்கள். அதை 3.14 ஆல் வகுத்தால் இழப்புக் காரணி. முகட்டின் உயரம் 1-லிருந்து 0.4 ஆகக் குறைந்திருந்தால், மடக்கை 0.916, ஓர் அலைவுக்கு 0.183, இழப்புக் காரணி 0.058. சுழியத்துக்கு அருகே இருந்தால் பொருள் கிட்டத்தட்ட சுத்த மீள்தன்மை. 1-ஐ நெருங்கினால் தட்டிய வேகத்தில் அடங்கிவிடும், எண்ணுவதற்கு அலையே இருக்காது.

ஒரு சரிபார்ப்பு மட்டும் தவறாமல் செய்யுங்கள். முதல் மூன்று முகடுகளிலிருந்து ஒரு முறையும் கடைசி மூன்றிலிருந்து ஒரு முறையும் கணக்கிட்டால் விடை ஒத்துவர வேண்டும். வராவிட்டால் பலமாகத் தட்டியிருக்கிறீர்கள், அல்லது துண்டு வழுக்குகிறது.

வெப்பநிலை

என்னைக் கேட்டால் சுவாரசியமே இங்கேதான். விடியற்காலையில் ஒரு முறை, மதிய வெயிலில் ஜன்னலோரம் அரை மணி நேரம் வைத்த பிறகு ஒரு முறை அளந்து பாருங்கள். ஜெலட்டின் துண்டின் அதிர்வெண் இறங்கியிருக்கும். சைனா கிராஸில் பெரிய மாற்றம் தெரியாது. ஜெலட்டினைக் கட்டிவைத்திருக்கும், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட முச்சுருள் முடிச்சுகள் 30 டிகிரியை ஒட்டியே அவிழ்ந்துவிடும். சைனா கிராஸின் முடிச்சுகள் 85 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். வெப்பநிலையும் அதிர்வெண்ணும் எழுதாத விறைப்பு எண்ணை நான் நோட்டில் ஏற்றுவதே இல்லை, நீங்களும் ஏற்றாதீர்கள்.

அடுத்து கொடைக்கானல் சீஸை வைத்துப் பார்க்க ஆசை வரும், தாராளமாகப் பாருங்கள். சீஸ் ஜெல்லியைவிடப் பல மடங்கு கெட்டி, அதிர்வெண் ஏறிவிடும். போன் நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 25 ஹெர்ட்ஸுக்கு மேல் அலையின் முகடுகள் சரியாகப் பதிவாகாது. ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாகச் சின்னத் துண்டுகள் வெட்டி, உயரத்தையும் முக்கால் சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதிர்வெண் இறங்காவிட்டால் பலகைமேல் ஒரு கால் கிலோ எடைக்கல்லை ஒட்டி, நிறைக் கணக்கில் அதையும் சேர்த்துவிடுங்கள்.