பச்சை அபோஃபிலைட்: பொந்திலிருந்து அலமாரி வரை

மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் கிடக்கிறது. உறையும்போது உள்ளே அகப்பட்ட வாயுக் குமிழிகள் பசால்ட் பாறையில் பொந்துகளாக நின்றுவிட்டன. பிறகு அவற்றில் ஊறிய சூடான நீர்தான் ஸ்டில்பைட், ஹியூலண்டைட், ஸ்கோலசைட், அபோஃபிலைட் என்ற படிகக் கனிமங்கள் எல்லாவற்றையும் வளர்த்தது. அபோஃபிலைட் பெரும்பாலும் நிறமற்றது. சிறிதளவு வனேடியம் சேர்ந்த இடத்தில் மட்டும் பச்சை. புனே அருகிலுள்ள பாஷாண் குன்றுகளின் குவாரிகள் இந்தப் பச்சைக்குப் பேர்போனவை. 2001-இல் ராகுரி பக்கம் மோமின் ஆகாடாவில் கிணறு வெட்டும்போது, ஸ்டில்பைட் மேல் பச்சைப் பந்துகளாகத் திரண்ட படிகங்கள் கிடைத்தன. இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தத் துண்டுகளைத்தான்.

இந்தக் கல்லைக் கையாள ஒரு விஷயம் புரிந்தால் போதும்: இது ஏடு ஏடாகப் பிரியும். 1806-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜஸ்ட் ஆய் வைத்த பெயரும் கிரேக்கத்தில் அதையே சொல்கிறது. எடையில் சுமார் 16 சதவீதம் தண்ணீர், வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவில் கடினம் வெறும் 4.5 முதல் 5. அடி, சூடு, திடீர்க் குளிர்ச்சி எது பட்டாலும் படிகத்தின் நீளத்துக்குக் குறுக்கே வெட்டியதுபோல் பிளந்துவிடும்.

குவாரியில் எடுப்பதானால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. வெடி வைத்த அன்று பாறை முகத்தின் அடியில் நிற்காதீர்கள், மழைக்காலத்திலும் வேண்டாம். தலைக்கவசம், கண் கவசம் கட்டாயம். பொந்து தெரிந்ததும் படிகத்தின் பக்கத்தில் உளி வைக்கும் ஆசை வரும். அங்கேதான் நல்ல துண்டுகள் போகின்றன. பொந்தின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாறையில் ஏற்கனவே உள்ள விரிசலைப் பிடித்து, சுற்றிலும் சிறு சிறு அடியாக வெட்டி, தாய்ப்பாறையோடு சேர்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் பின்பக்கப் பாறையைச் சுத்தியலால் தட்டிக் குறைக்க வேண்டாம். பசால்ட் உடையாது, அதிர்ச்சி மட்டும் முன்பக்கம் போய்ச் சேரும். வைர பிளேடு கொண்ட கல் அறுக்கும் இயந்திரத்தில், தண்ணீர் ஓடவிட்டு, படிகத்துக்குப் பின்னால் 2 அல்லது 3 செ.மீ. பாறை விட்டு அறுப்பதே வழி.

வாங்குகிறவர்கள் நிறத்தில் மயங்குவதற்கு முன் நுனியைப் பார்க்க வேண்டும். வெளிர்ப் பச்சையானாலும் நுனி முழுதாக உள்ள துண்டுதான் மேல். 10 மடங்கு லென்ஸை எடுத்து ஒவ்வொரு நுனியாகப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் படிகங்கள் எல்லாம் கூம்பாக முடிய, ஒன்று மட்டும் தட்டையாக, முத்துப் பளபளப்போடு, ஓரத்தில் நுண்ணிய படிகளோடு இருந்தால் அது வளர்ந்த முகம் இல்லை, உடைந்த முகம். உள்ளே வானவில் நிறத்தில் மின்னும் பட்டையை விற்கிறவர் அழகு என்பார். அந்த இடத்தில் ஏடு பிரிந்திருக்கிறது என்பதே பொருள்.

ஒட்டு வேலையும் நிறைய. இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால், படிகம் பாறையைத் தொடும் இடத்தில் பசை பெரும்பாலும் நீலவெள்ளைக் கோடாக ஒளிரும். கூடவே இருக்கக்கூடிய கால்சைட் என்ற கனிமமும் ஒளிரக்கூடும் என்பதால் ஒளி கோடாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். சாயம் ஏற்றிய கல்லில் நிறம் விரிசல்களில் தேங்கி நிற்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் மறைவான மூலையில் துடைத்தால் பஞ்சில் ஏறலாம். பாத்திரத்தில் வளர்த்த அம்மோனியம் பாஸ்பேட் கொத்துகளும் பச்சைப் படிகம் என்ற பெயரில் சந்தையில் உண்டு. ஈர விரலால் தேய்த்தால் வழவழவென்று கரையும்.

உதிரிப் படிகம் பச்சையாகவும் கிடைக்கும் வேறு கனிமமான ஃபுளோரைட்டா, அபோஃபிலைட்டா என்ற சந்தேகத்தைச் சமையலறைத் தராசே தீர்த்துவிடும். முதலில் படிகத்தை எடை போடுங்கள். 47 கிராம் என்று வையுங்கள். அடுத்து ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, படிகத்தை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க நீரில் தொங்கவிடுங்கள். 20 கிராம் காட்டினால் 47-ஐ 20-ஆல் வகுக்க அடர்த்தி 2.35 வரும்: அபோஃபிலைட். ஃபுளோரைட் என்றால் 3.18-ஐ ஒட்டி வரும். கண்ணாடி 2.5 அருகில் வருவதால், லென்ஸில் குமிழி தேடிப் பார்ப்பதும் அவசியம்.

சுத்தம் செய்வதில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அபோஃபிலைட்டையே அரித்து முகத்தை மங்கலாக்கிவிடும். அல்ட்ராசோனிக் தொட்டியும் வெந்நீரும் ஏடுகளைப் பிரிக்கும். வெயிலில் காய்ந்த கல்லை நேரே குழாயடியில் காட்டாதீர்கள். அது நிழலில் ஆறட்டும். பிறகு அறை வெப்பத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். ஸ்டில்பைட் கதிர்களுக்கு இடையில் இறுகிய களிமண்ணுக்கு 20 மி.லி. சிரிஞ்ச் போதும்: ஊசியைக் கழற்றிவிட்டு, சாய்வாகப் பீய்ச்சி, மறுபடி ஊறவைத்து, நான்கைந்து நாள் பொறுமையாகச் செய்யுங்கள். துண்டில் ஓகனைட் என்ற கனிமத்தின் மெல்லிய இழைகள் பஞ்சு உருண்டைபோல் இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. நனைந்த இழைகள் ஒட்டிப் படிந்துவிடும், திரும்ப எழாது. அதற்குக் காற்று ஊதும் ரப்பர் பந்து மட்டுமே.

அலமாரியில் சூடாகும் விளக்கோ நேர் வெயிலோ கூடாது. எல்இடி போதும்.

பார்சல் கட்டும்போது பஞ்சு சுற்றாதீர்கள், இழை நுனிகளில் சிக்கும். பாறைப் பகுதியை மட்டும் டிஷ்யூ காகிதத்தால் இறுக்கிப் பெட்டியில் அசையாமல் பதித்து, நுனிகள் வெற்றிடத்தில் நிற்கும்படி விடுங்கள். அந்தப் பெட்டியைச் சுற்றி 5 செ.மீ. மெத்தை வைத்து இன்னொரு பெட்டி.

வாங்கிய அன்றே பாறையின் பின்புறம் ஒரு சிறு வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, காய்ந்ததும் மையால் எண் எழுதுங்கள். பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே குவாரி, கிராமம், தாலுகா, மாவட்டம், தேதி, யாரிடம் வாங்கியது என்று எழுதுங்கள். ‘இந்தியா’ என்று மட்டும் எழுதிய சீட்டு எந்த மலையையும் காட்டாது. பாஷாண் பக்கம் பழைய குவாரிகள் பல மூடிவிட்டதால், அங்கிருந்து வந்த கல்லோடு பழைய சீட்டு இருந்தால், கிழிந்திருந்தாலும் அதையும் கல்லோடு சேர்த்தே வையுங்கள்.