பிவட் டேபிளில் ஆவரேஜ் போடும் முன்

தை அறுப்பு முடிந்து கணக்கு பார்க்கும் நேரம் வந்தால், மன்னார்குடிப் பக்கம் நெல் கொள்முதல் கணக்கு எழுதும் பிள்ளைகள் சிலர் லேப்டாப்போடு என்னிடம் வந்துவிடுவார்கள். எக்செல்லில் வரி வரியான கணக்கைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில்தான் சந்தேகம். ரிஃப்ரெஷ் செய்ய மறப்பது, தலைப்பு இல்லாமல் நெடுவரிசையை விடுவது எல்லாம் நான்கு நாள் பழகினால் சரியாகிவிடும். பார்வைக்குச் சரியாக இருந்துகொண்டே பணத்தைக் கொண்டுபோகும் தவறுகள் வேறு. நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

விலைக்கு ஆவரேஜ் போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதிய புதிதில், சம்பாக் கொள்முதலை ரகவாரியாகப் பிரித்து, விலையை வேல்யூஸ் பகுதியில் போட்டு, ஆவரேஜ் என்று மாற்றிக் கொடுத்தேன். அந்த அடக்க விலைக்குக் கட்டாது என்று வந்த ஓர் ஆர்டரை விட்டுவிட்டார்கள். மாதக் கடைசியில் கொடுத்த மொத்தப் பணத்தை மொத்த எடையால் வகுத்துப் பார்த்தபோதுதான், அடக்கம் அவ்வளவு இல்லை என்பது தெரிந்தது.

என்ன நடந்தது? மூன்று லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 குவிண்டால் 2,300 ரூபாய்க்கு. 10 குவிண்டால் 2,500க்கு. இன்னொரு 10 குவிண்டால் 2,520க்கு. பிவட் மூன்று விலையைக் கூட்டி மூன்றால் வகுத்து 2,440 என்று காட்டும். 200 குவிண்டால் வந்த லாரியும் 10 குவிண்டால் வந்த டிராக்டரும் அதற்கு ஒவ்வொரு வரிதான். உண்மையில் கொடுத்த பணம் 5,10,200, எடை 220, அடக்கம் சுமார் 2,319. குவிண்டாலுக்கு 121 ரூபாய் வித்தியாசம்.

இதற்கு வழி கால்குலேட்டட் ஃபீல்டு, அதாவது பிவட்டுக்குள்ளேயே நாம் சூத்திரம் எழுதிச் சேர்க்கும் நெடுவரிசை. அதில் தொகை வகுத்தல் எடை என்று சூத்திரம் கொடுங்கள். அது முதலில் ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டிவிட்டு, அப்புறம்தான் சூத்திரத்தைப் போடும். அதனால் விடை சரியாக வரும்.

ஆனால் அதே குணம் பெருக்கலில் கழுத்தை அறுக்கும். எடையையும் விலையையும் கால்குலேட்டட் ஃபீல்டில் பெருக்கினால், மொத்த எடை 220ஐ மூன்று விலையின் கூட்டான 7,320ஆல் பெருக்கி 16,10,400 என்று காட்டும். தொகையை மூலத் தாளிலேயே (பிவட்டுக்குத் தரவு தரும் தாள்) வரிக்கு வரி பெருக்கி வைத்துவிடுங்கள். ஈரப்பதத்துக்கும் இதே கதைதான். எடையையும் ஈரப்பதத்தையும் பெருக்கி மூலத்தில் ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டு, பிவட்டில் அதை எடையால் வகுக்க வேண்டும்.

சம்பாவை வருஷவாரியாகப் பிரிப்பது

இது சாகுபடிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு. ஆவணியில் விதைத்துத் தையில் அறுக்கிற பயிர் இது. நாற்று, உரம், களையெடுப்பு எல்லாம் ஒரு வருஷத்தில் விழும். நெல் விற்ற பணம் அடுத்த வருஷத்தில் வரும். வருஷத்தை வைத்து குரூப் செய்தால் ஒரே பயிர் இரண்டாக வெட்டுப்படும். மாதத்தை மட்டும் வைத்தால் எல்லா வருஷத்து ஜனவரியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ‘பருவம்’ என்று தனி நெடுவரிசை வைத்து, குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்தோடு எழுதிவிடுங்கள்.

ரகத்தின் பெயரைக் கையால் அடிப்பது

ஏடிடி 43, ஆடுதுறை 43, ஏ.டி.டி.43: பிவட்டுக்கு இவை மூன்று ரகம். பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்கும்படி டிராப் டவுன் வையுங்கள்.

தேதிக்குப் புள்ளி

12.01.2024 என்று அடித்தால் பெரும்பாலும் எழுத்தாகவே நிற்கும், குரூப் ஆகாது. 12-01-2024 என்று கோடு போடுங்கள்.

மூலத் தாளை அழித்துவிட்டு ஃபைலை அனுப்புவது

தரகருக்கு மொத்தம் மட்டும் தெரிந்தால் போதும் என்று மூலத் தாளை நீக்கி அனுப்புகிறார்கள். பிவட் தன் தரவின் பிரதி ஒன்றை ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கும். ஏதாவது ஒரு தொகையை டபுள் கிளிக் செய்தால் போதும், எந்த விவசாயிக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பது வரி வரியாகப் புதுத் தாளில் விரியும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.