மரக் கிட்டில் குட்ஸ் ஷெட்: சுவர் வளையாமல் கட்டும் முறை

மாதிரி ரயில் அமைப்புக்கான கட்டடத்தை நாமே ஒட்டிக் கட்டும் கிராஃப்ட்ஸ்மேன் கிட் பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய மரத் தகடுகள், ஒல்லியான சட்டங்கள், வெள்ளை உலோக வார்ப்புகள், ஒரு வரைபடம், அவ்வளவுதான் இருக்கும். பெரும்பாலும் அமெரிக்கப் பலகைக் கட்டடங்கள். 2010 இறுதியில் மூடப்பட்ட மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை எச்ஓ அளவில் (1:87) அமைப்பவர்கள், அதாவது அசலின் ஓர் அடிக்கு 3.5 மி.மீ., தண்டவாள இடைவெளி 12 மி.மீ. என்று போகிறவர்கள், இதை ஸ்டேஷனாக்க முயல வேண்டாம். பலகைச் சுவரைக் காரைச் சுவராகக் காட்டுவது வீண் வேலை. தகரக் கூரை போட்ட குட்ஸ் ஷெட் (சரக்குக் கொட்டகை) என்றால் அப்படியே பொருந்தும்.

முதலில் சாயம், பிறகுதான் பசை. ஃபெவிகால் பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளுத்த திட்டு கடைசிவரை தெரியும். 100 மி.லி. ஐசோபிரைல் ஆல்கஹாலில் 15 முதல் 20 சொட்டு கறுப்பு இந்தியன் இங்க் விட்டுக் குலுக்கி, சட்டங்கள் எல்லாவற்றுக்கும் பூசுங்கள். பழைய மரத்தின் சாம்பல் நிறம் வரும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

சுவர்தான் பலர் கோட்டைவிடும் இடம். மெல்லிய மரத்தின் ஒரு முகத்தில் மட்டும் ஈரம் பட்டால் அந்த முகம் விரிந்து தகடு வளைகிறது. வெளிப்பக்கம் பூசிய கையோடு உள்பக்கமும் பூசுங்கள். சித்திரை வெயிலில் ஃபேனுக்கு நேர் கீழே காயவைத்தால் மேல்முகம் முந்திக் காய்ந்து அதே கோளாறு வரும். தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உள்பக்கத்தில் முட்டுச் சட்டம், 3 மி.மீ. சதுரம். பலகை வரிகள் கிடையாக ஓடினால் சட்டம் நெடுக்காக நிற்க வேண்டும்; வரியோடு சேர்த்து ஒட்டினால் வளைவைத் தடுக்காது. ஜன்னலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. மூலையில் மட்டும் கவனம்: பக்கச் சுவர் வந்து உட்கார, அதன் கனத்துக்கு (1.5 மி.மீ. தகடானால் 1.5) ஓரத்திலிருந்து தள்ளி ஒட்டுங்கள். இதை மறந்தால் சுவர் மூலையில் இடைவெளி விழும், கூரையும் உட்காராது.

ஜன்னல் சட்டங்களைத் தனியாகப் பெயிண்ட் அடித்துப் பொருத்துங்கள். கண்ணாடித் தாளுக்கு சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். பல்குத்தும் குச்சி முனையில் எடுத்த ஃபெவிகால் போதும்.

சுவர்களை இரண்டிரண்டாக மூலைமட்டத்தில் வைத்து ஒட்டி, இரு பாதிகளையும் பிறகு சேருங்கள். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவா என்று பசை காயும் முன் பாருங்கள்.

கூரைத் தகரத்தை எட்டடித் துண்டுகளாக, அதாவது 28 மி.மீ. நீளத்தில் வெட்டி, இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி 2 மி.மீ. மேலேறும்படி ஒட்டுங்கள். முகட்டிலிருந்து தொடங்கினால் ஒன்றின் மேல் ஒன்று தலைகீழாக விழும். அசல் கூரையில் மழைநீர் உள்ளே போகும் அமைப்பு அது.

வார்ப்புகளின் பிசிறை அரத்தால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் அடித்து, சூப்பர் க்ளூவில் ஒட்டுங்கள். சிலவற்றில் ஈயம் இருக்கும். அராவியதும் கை கழுவுங்கள்.

தூசி படிந்த தோற்றம் கடைசியில், சாக்பீஸ் பொடியால். சாக்பீஸ் பொடியின் மேல் மேட் வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் மங்கும், ஆகவே கொஞ்சம் தூக்கலாகவே தடவுங்கள். வார்னிஷுக்குப் பிறகு ஆல்கஹால் சாயம் தொட்டால் வெள்ளை பூக்கும். தரைக்குத் திருமங்கலம் பக்கத்துக் கரிசலோ செம்மண்ணோ, எதுவானாலும் மெல்லிய துணியில் சலித்து, உலர்ந்த மண்ணில் காந்தத்தைத் துழாவி எடுத்த பிறகே தூவுங்கள். இல்லாவிட்டால் மண்ணிலுள்ள இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.