உங்களுக்குத் திறக்கிறது, ஆட வருகிறவர்களுக்குத் திறக்கவில்லை: ஃபவுண்ட்ரி சர்வரில் அடைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபவுண்ட்ரி வி.டி.டி. (நண்பர்களோடு இணையத்தில் மேசை விளையாட்டு ஆட உதவும் மென்பொருள்) சர்வரை வீட்டுக் கணினியில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள்: உங்கள் திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மற்றவர்களுக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே ரௌட்டரில் கை வைக்காதீர்கள். உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் சர்வர் ஓடும் கணினியிலேயே, பிரவுசரில் 127.0.0.1:30000 என்று அடியுங்கள். 30000 ஃபவுண்ட்ரியின் வழக்கமான போர்ட் (கணினிக்குள் நுழையும் வாசலின் எண்). மாற்றியிருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். இதுவே திறக்காவிட்டால் சர்வர் ஓடவில்லை, அல்லது அந்த போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது.

திறந்தால், அதே வைஃபையில் உள்ள கைபேசியில் கணினியின் உள் ஐபியை (வீட்டு நெட்வொர்க்குக்குள் அதன் முகவரி) போடுங்கள், 192.168.1.20:30000 என்பதுபோல. இங்கே நின்றால் பெரும்பாலும் ஃபயர்வால்தான். நீங்கள் 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். விண்டோஸோ உங்கள் வைஃபையை 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கும். கைபேசி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்த சோதனையைத்தான் பலர் தாண்டிப் போய், மாலை முழுவதையும் வீணாக்குகிறார்கள். ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் 'வான்' (WAN, வெளி இணையப் பக்கம்) ஐபியையும், 'என் ஐபி என்ன' என்று தேடினால் இணையம் காட்டும் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஒரே பொது ஐபியை உங்கள் இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். இந்நிலையில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை ரௌட்டர் உங்கள் கணினிக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. தனிப் பொது ஐபி கேட்டு வாங்கலாம். ஆடுகிறவர்களிடமும் ஐபிவி6 (புதிய வகை, நீண்ட ஐபி முகவரி) இருந்தால் அதில் இணையலாம் (முகவரியைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும்). இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க் (விபிஎன்) மென்பொருள் ஒன்றை எல்லோரும் நிறுவிக்கொள்ளலாம். வான் ஐபி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், அநேகமாக மேலே இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. மோடத்தை 'பிரிட்ஜ்' நிலைக்கு (ரௌட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் போர்ட் ஃபார்வர்டிங்: டி.சி.பி., வெளி போர்ட் 30000, உள் போர்ட் 30000, கணினியின் உள் ஐபி. போன வாரம் வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால், ரௌட்டர் கணினிக்கு வேறு உள் ஐபி கொடுத்திருக்கும். டி.எச்.சி.பி. ரிசர்வேஷனில் (ஒரு கணினிக்கு எப்போதும் ஒரே உள் ஐபி தரும் ரௌட்டர் அமைப்பு) அதை நிலையாக்கிவிடுங்கள்.

வெளி முகவரியை வீட்டு வைஃபையிலிருந்தே சோதித்து ஏமாறாதீர்கள். பல ரௌட்டர்கள் அப்படித் திரும்பி வர விடாது. மொபைல் டேட்டாவில் பாருங்கள். போர்ட் சோதிக்கும் தளங்களும் சர்வர் ஓடும்போது மட்டுமே 'திறந்திருக்கிறது' என்று சொல்லும்.

பிழைச் செய்தியையும் கவனியுங்கள். வெகுநேரம் காத்து 'டைம் அவுட்' ஆனால், வழியில் எங்கோ சத்தமில்லாமல் தடுக்கப்படுகிறது. நொடியில் 'ரெஃப்யூஸ்டு' வந்தால், கோரிக்கை ஏதோ ஒரு கருவியைத் தொட்டிருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று வந்தால் பிரவுசர் தானாக எச்.டி.டி.பி.எஸ்-க்கு மாற்றியிருக்கும், முன்னால் எச்.டி.டி.பி. (http://) என்று முழுதாக அடிக்கச் சொல்லுங்கள். ஆனால் கேமரா, மைக் வேண்டுமென்றால் எச்.டி.டி.பி.எஸ் அமைத்தே ஆக வேண்டும்.

என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பொறிகள். பக்கம் திறந்தும் ஆட்டம் ஏறாவிட்டால், வெப்சாக்கெட்டுக்கான (இருபுறமும் தகவல் போக, திறந்தே இருக்கும் இணைப்பு) 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ஹெடர்களை அனுப்பத் தவறியிருப்பீர்கள். வரைபடம் ஏற்றும்போது 413 பிழை வந்தால், கோரிக்கையின் அளவு வரம்பு இயல்பான 1 எம்.பி.யிலேயே நிற்கிறது.

எல்லோரும் உள்ளே வந்தும் வரைபடம் மட்டும் கறுப்பாக நின்றால், அது இணைப்புக் கோளாறு இல்லை, உங்கள் அப்லோடு வேகம். 20 எம்.பி. படம் 5 பேருக்குப் போக 100 எம்.பி., அதாவது 800 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடில் 80 நொடி ஆகும். பி.என்.ஜி. படத்தை வெப்பி (WebP) வடிவமாக்கினால் அளவு பெருமளவு குறையும்.