ஞாயிறு பிரசங்கம் தயார் செய்வது எப்படி: ஒரு தறிக்காரரின் நோட்டிலிருந்து

பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டிய குடோனில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். எங்கள் லுத்தரன் சபை சின்னது, முப்பது குடும்பம் இருக்கும். ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு, எங்களோடு சேர்த்து ஐந்து சபைகள். அவர் வர முடியாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்திப் பிரசங்கம் செய்யும் பொறுப்பு பத்தொன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறது. இப்போது இளையவர்களையும் பேச வைக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். போன மாதம், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருத்தி வந்து, "ஏனுங்க மாமா, எனக்கெல்லாம் பேச வருமுங்களா? எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?" என்று கேட்டாள். "வரும் அம்மிணி, உக்காரு" என்று சொல்லி அன்றைக்குப் பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள். ஞாயிறுக்கு உரிய வசனப் பகுதியை வாய்விட்டு வாசியுங்கள், வீட்டில் யாராவது காதில் விழுகிற மாதிரி. விளக்கவுரைப் புத்தகத்தை இப்போதே திறக்காதீர்கள். பகுதி முழுவதையும் கையால் ஒரு தடவை நோட்டில் எழுதினால், கண் தாண்டிப் போகிற வார்த்தைகள் கையில் வந்து மாட்டும். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை இருக்கிறது: காலையிலிருந்து உழைத்தவர்களுக்கும் சாயங்காலம் வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார், முன்னால் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். அதை அப்படி எழுதிக்கொண்டு வந்தபோது, எஜமான் அவர்களில் ஒருவனிடம் கேட்கிற "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வன்கண்ணன் என்றால் என்ன என்று மகன் கேட்டான். அடுத்தவனுக்கு நல்லது நடந்தால் வயிறெரிகிறவன் என்றேன். சொன்ன பிறகுதான், எனக்குப் பின்னால் தறி போட்டு என்னைவிட நன்றாக இருக்கும் பங்காளி ஞாபகம் வந்தான். வசனம் உங்களை எங்கே தொடுகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிரசங்கம் அங்கிருந்துதான் வரும்.

அப்புறம் உவமையை நம்ம ஊர் கண்ணால் பாருங்கள். விடியற்காலையில் பல்லடத்தில் தூக்குப்போசியோடு வேலைக்கு நிற்கிறவர்களைத் தெரியும் அல்லவா? பத்து மணி வரை யாரும் கூப்பிடவில்லை என்றால், போசியில் இருக்கும் சோற்றோடு வீட்டுக்குத் திரும்புவார்கள். பைபிளில் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. பதினோராம் மணி என்றால் சாயங்காலம் ஐந்து, கம்பெனியில் முதல் ஷிப்ட் முடிய அரைமணி இருக்கிற நேரம். அந்த நேரத்துக்கும் நின்றுகொண்டிருக்கிறவர்களிடம் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அந்த வரியை வாசித்துவிட்டு இரண்டு நொடி நிறுத்துங்கள். விளக்கம் தேவையில்லை, சபையில் பாதிப் பேருக்கு அது புரியும்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் சபைப் பிரிவுக்கு வித்திட்ட ஜெர்மன் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தர் பிரசங்கிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது, நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. கடவுள் என்ன கேட்கிறார், நாம் எங்கே தவறினோம் என்று காட்டுவது நியாயப்பிரமாணம். கடவுள் கிறிஸ்துவில் நமக்கு என்ன செய்து முடித்தார் என்று சொல்வது சுவிசேஷம். இரண்டும் கடவுளுடைய வார்த்தைதான். ஆனால் ஒன்றை இன்னொன்றாக மாற்றினால் கேட்கிறவர்கள் தலையில் சுமை ஏறும்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. பேச ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு, ஜெபிக்க வேண்டும், கொடுக்க வேண்டும், மன்னிக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று அடுக்கினேன். நன்றாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் வாசலில் நின்றேன். அந்த வாரம் முழுக்க ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் பார்த்த ஒரு தங்கச்சி கை கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சுங்ண்ணா. ஆனா இன்னொரு ஷிப்ட் சேந்தாப்பல இருக்குதுங்" என்றது. குத்திச் சொல்லவில்லை, அசதியில் சொன்னது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இயேசுவிடம் இளைப்பாற வந்த பிள்ளையை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதிலிருந்து எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவால் 'வேண்டும்' எல்லாவற்றையும் வட்டம் போடுகிறேன். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் வேலை செய்கிறார் என்று பார்க்கிறேன். எல்லா வாக்கியத்திலும் நாமே வேலை செய்கிறோம் என்றால், அது நல்ல அறிவுரை, சுவிசேஷம் வேறு. மத்தேயு 20-இல் எண்ணிப் பாருங்கள்: எஜமான் ஐந்து தடவை வீட்டைவிட்டுப் புறப்பட்டு வருகிறார். வேலையாட்கள் யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. பிரசங்கத்தின் முதுகெலும்பு அதுதான்.

நியாயப்பிரமாணத்தை மழுப்பாதீர்கள். காலையிலிருந்து உழைத்தவர்களின் முறுமுறுப்பு, முப்பது வருஷமாகச் சபையில் இருக்கும் நமக்குத்தான். நேற்று ஞானஸ்நானம் பெற்றவரும் நானும் ஒன்றா என்ற நினைப்பு நமக்கு உண்டு, அதைப் பெயர் சொல்லியே சொல்லுங்கள். ஆனால் அங்கேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள். "இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்று திருவிருந்தில் கேட்கிறோமே, அந்த 'உங்களுக்காக' என்ற சொல்தான் நெஞ்சில் விசுவாசத்தைக் கேட்கிறது என்று லுத்தர் ஞானோபதேசத்தில், அதாவது விசுவாசத்தின் அடிப்படையைக் கற்றுக்கொடுக்கும் சின்னப் புத்தகத்தில், எழுதியிருக்கிறார். சபையின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்: உங்களுக்காக. உங்கள் கூலிக்காக அல்ல.

இதில் இன்னொரு எச்சரிக்கை. ஆர்டர் குறைந்து, தறி பாதி நாள் நிற்கும் காலத்தில், விசுவாசித்தால் அடுத்த மாதம் ஆர்டர் வரும் என்று பீடத்தில் நின்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடவுள் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஆர்டருக்காக ஜெபிக்கலாம், தாராளமாக. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று கர்த்தருடைய ஜெபத்தில் கேட்கும் அந்த ஒரு சொல்லுக்குள் உணவு, உடை, வீடு, நிலம், மாடு, நல்ல காலநிலை, சமாதானம், நல்ல அண்டை வீட்டார் வரை லுத்தர் அடுக்கியிருக்கிறார். நூலும் கரண்டும் அதில் அடங்கும் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

புதன், வியாழனில் நாலு வீடு போய்ப் பேச்சைக் கேளுங்கள். வீட்டில் தாய், தெருவில் பிள்ளைகள், சந்தையில் சாதாரண மனிதன் எப்படிப் பேசுகிறார்கள் என்று அவர்கள் வாயைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க முடியும் என்று லுத்தர் 1530-இல் எழுதினார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். நமக்குத் தமிழ் சொந்தம்தான், ஆனாலும் பீடத்தில் ஏறியதும் பாஷை மாறிவிடுகிறது. 'சம்பாத்தியம்' என்று சொல்லி நிறுத்தாமல் 'சனிக்கிழமைக் கூலி' என்று சொன்னால் பின்வரிசையில் தலை நிமிரும்.

கேட்டதை எல்லாம் உதாரணமாக்கிவிடாதீர்கள். ஒரு தடவை ஒரு வீட்டுக் கடன் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். சின்ன ஊர், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் அவர்கள் வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் வாழ்க்கையிலிருந்தே எடுங்கள்.

நீளம் பதினைந்து நிமிஷம், நோட்டில் நாலு பக்கம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். எழுதியதை வெள்ளிக்கிழமைக்குள் ஐயரிடம் காட்டிவிடுங்கள். நம் சபையில் அழைப்பு இல்லாமல் யாரும் பீடத்தில் ஏறுவதில்லை, அவர் கண்ணில் ஒரு தடவை படுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. நான் தறி ஓடும்போது சத்தமாகப் பேசிப் பழகுவேன். எட்டுத் தறிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. கரண்ட் போனால் மட்டும் பாதி வாக்கியம் தெருவுக்கே கேட்கும்.

வீட்டில் வேதம் கற்றுக்கொடுக்காமல் பிரசங்கம் மட்டும் போதாது. 1528-இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதிச் சபைகளைப் போய்ப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று வருந்தித்தான் லுத்தர் அடுத்த வருஷம் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக் கொடுக்கத்தான் அது. 1535-இல் தனக்கு முடி வெட்டும் பேதுரு ஜெபிப்பது எப்படி என்று கேட்டபோது, பத்துக் கற்பனைகளில், அதாவது கடவுள் தந்த பத்துக் கட்டளைகளில், ஒவ்வொன்றையும் நாலு இழையாக முறுக்கிய மாலையாக்கு என்று சொல்லிக் கொடுத்தார்: இது என்ன கற்பிக்கிறது, இதற்காக எதை நன்றி சொல்கிறேன், எதை அறிக்கையிடுகிறேன், எதைக் கேட்கிறேன். நூல் முறுக்குகிற ஊரில் இதைப் புரிய வைப்பது சுலபம்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி ஒரு கற்பனை. "களவு செய்யாதிருப்பாயாக" என்பது லுத்தரன் கணக்கில் ஏழாவது. அடுத்தவன் பொருளைக் காப்பாற்ற உதவுவதும் இதில் சேரும் என்று ஞானோபதேசம் கற்பிக்கிறது. பாவும் ஊடையும் கொடுத்து நம்பி வேலை தருகிற ஆள் இருக்கிறாரே என்று நன்றி. மூன்றாவது இழையில், கழிவு நூல் கணக்கை ஒரு வாரம் கூட்டிக் காட்டியதைப் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். திங்கட்கிழமை அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நேர்மையாக ஓட்டக் கை கொடு என்று கேட்பது நாலாவது. பத்து நிமிஷம்தான். ஆனால் என் மகனுக்கு நான் செய்த பிரசங்கம் எதையும்விட அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெண் வரும் ஞாயிறு முதல் தடவையாகப் பேசுகிறாள். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து நோட்டோடு குடோனுக்கு வந்தாள். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். வாசித்து முடித்ததும் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஆறு 'வேண்டும்' இருந்தது. நாலை அவளே அடித்துவிட்டு, மீதி இரண்டும் இருக்கட்டும் என்றாள்.